வீடு பார்க்க வந்தவர் ஏன் திரும்பி வருவதில்லை?

தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் வீடு விற்றுக் கொடுப்பது என் தொழில். புதிதாக இந்த வேலைக்கு வரும் பையன்களும், முதல்முறையாக வீடு விற்கிறவர்களும், நாங்கள் எல்லாம் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதைப் பார்க்கிறேன். வெள்ளையடிப்பது, ஒட்டடை அடிப்பது, பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுப்பது பற்றி இங்கே எழுதவில்லை. அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

அட்வான்ஸ் போட்டால்தான் ஜெராக்ஸ்

இதைக் கேட்டாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள், காபி கொடுப்பார்கள், விலையும் சொல்வார்கள். "பத்திர நகல் கிடைக்குமா?" என்றதும் முகம் மாறிவிடும். "முதல்ல டோக்கன் போடுங்க, அப்புறம் தர்றோம்." வந்தவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போவார். அதோடு சரி. காகிதத்தைக் காட்டத் தயங்கினால், ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

உரிமையாளரின் பயம் நியாயமானது. ஆள்மாறாட்டம் செய்து அடுத்தவர் நிலத்தை விற்ற கதைகள் நிறைய உண்டு. ஆனால் சர்வே எண் தெரிந்தால் வில்லங்கச் சான்றிதழையும் (சொத்தில் நடந்த பதிவுகளின் பட்டியல்) பட்டாவையும் அரசு இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். எனவே மறைத்து லாபமில்லை. நகலின் மேல் குறுக்காக "இன்னார் பார்வைக்கு மட்டும்" என்று தேதி போட்டு எழுதுங்கள். ஆதார் எண், கைரேகை, கையெழுத்து ஆகியவற்றை மறைத்துக் கொடுங்கள். மூலப் பத்திரம் உங்கள் பீரோவிலேயே இருக்கட்டும்.

நகல் தராததில் இன்னொரு நஷ்டம், உங்கள் காகிதத்தில் உள்ள ஓட்டை உங்களுக்கே தெரியாமல் போவது. சேலையூரில் ஒரு பெரியவர், அப்பா கட்டிய வீட்டை விற்க வந்தார். எவ்வளவு சொல்லியும் நகல் தரவில்லை. பலர் வந்து போன பிறகு, ஓர் இளம் தம்பதிக்கு வீடு மிகவும் பிடித்துப்போய் டோக்கன் போட்டார்கள். வங்கி வக்கீல் கேட்ட பிறகுதான் காகிதமெல்லாம் வெளியே வந்தது. பட்டா காலமான அப்பா பெயரில். உயில் இல்லை. வாரிசுச் சான்றிதழில் இரண்டு அக்காக்களின் பெயரும் இருந்தது.

"அவங்களுக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சு தம்பி" என்றார்.

நகை போட்டதும் சீர் செய்ததும் சட்டத்தில் கணக்கில் வராது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. கல்யாணம் ஆனவரா இல்லையா என்ற பேச்சே இல்லை. அக்காக்களில் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். அங்கே இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரத்தை (தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் தருவது) அத்தாட்சி செய்து அனுப்ப வேண்டும். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல், தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தம்பி டோக்கன் வாங்கிவிட்டார் என்ற அவருடைய கோபம். அவர் சமாதானமாகி வருவதற்குள் அந்தத் தம்பதி வேறு வீடு வாங்கிவிட்டார்கள்.

ஆகவே "விற்பனைக்கு" பலகை மாட்டும் முன்பே அக்கா தங்கைகளிடம் பேசுங்கள். ஒன்று, அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரம். இல்லையென்றால் எல்லோரும் சேர்ந்தே கிரயம் எழுதிக் கொடுப்பது. தாய்ப்பத்திரம் (சொத்து முன்பு யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் பழைய பத்திரம்), வில்லங்கச் சான்றிதழ், சொத்து வரி ரசீது, கட்டட வரைபட அனுமதி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அனுமதி வாங்காமல் எழுப்பிய இரண்டாவது மாடியை வங்கி மதிப்பீட்டாளர் பெரும்பாலும் கணக்கில் சேர்க்க மாட்டார். அதற்கும் சேர்த்து விலை சொன்னால் கடன் வாங்கி வருகிறவரால் நிற்க முடியாது.

பாதி ரொக்கம்

80 லட்ச ரூபாய் வீட்டுக்கு வங்கி 80 சதவீதம் தருகிறது என்றால் 64 லட்சம். மீதி 16 லட்சம் கையில் வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முழு விலைக்கும் பதிந்தால் அது மட்டும் 7 லட்சத்து 20 ஆயிரம். ஆக 23 லட்சத்துக்கு மேல் புரட்டிக்கொண்டு வருகிறவரிடம், "பாதியை ரொக்கமா கொடுங்க, பத்திரத்துல குறைச்சுக் காட்டிக்கலாம்" என்றால் அவர் எங்கே போவார்? குறைத்துக் காட்டினால் கடனும் குறையும். தவிர, சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் வரும். அது விழுவது விற்கிறவர் தலையில்.

செலவழித்ததை எல்லாம் விலையில் சேர்ப்பது

தேக்குக் கதவுக்கும் கிரானைட்டுக்கும் கொடுத்த பணத்தை யாரும் திருப்பித் தரமாட்டார்கள். 25 வருட வீடு என்றால் பெரும்பாலானோர் கிரவுண்டு விலையை, அதாவது நிலத்தின் விலையைத்தான் கணக்குப் போடுகிறார்கள். அக்கம்பக்கத்தில் கேட்கிற விலையை விட்டுவிட்டு, கைமாறிய விலையை விசாரியுங்கள்.

பத்து புரோக்கர், பத்து விலை

ஒரே வீடு போனில் நாலு விலையில் வந்தால், வாங்குகிறவர் எல்லாவற்றையும்விடக் குறைந்த விலையிலிருந்துதான் பேச ஆரம்பிப்பார்.

குடியிருப்பவரிடம் சொல்லாமல் ஆள் அனுப்புவது

வேண்டாம். முந்தின நாளே போன் செய்து கேளுங்கள்.

ஆடி மாதத்தில் விலையைக் குறைப்பது

ஆவணி வரை பொறுங்கள்.