கொம்பனி செற்றோடு மிட்பாஸ் ஸ்பீக்கர்: திருகோணமலைக் கார்களுக்கு

கார் வரும்போதே பூட்டியிருக்கும் கொம்பனி செற்றில் (ரேடியோவில்) குரல் கேட்கும், தாளத்தின் ஜிங்காரமும் கேட்கும். தவிலின் தொப்பிப் பக்க அடி மட்டும் நெஞ்சில் விழாது. அந்த அடி கிடப்பது ஏறக்குறைய 80 முதல் 300 ஹேர்ட்ஸ் வரை. அதைத் தரவேண்டியது மிட்பாஸ் எனப்படும் முன்கதவு ஸ்பீக்கர், அந்த ஸ்பீக்கருக்குப் பெட்டி கதவுதான். ஸ்பீக்கரின் கூம்பான கோன் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் கதவின் ஓட்டைகள் வழியே சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே பணத்தில் பாதியைக் கதவை அடைக்க ஒதுக்குங்கள்.

ஸ்பீக்கர் வாங்குமுன் டோர் போர்டை (கதவின் உட்பக்க மூடியை) கழற்றி அளவெடுங்கள். ஷட்டர் கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் பூட்டும் இடத்திலிருந்து கண்ணாடிவரை ஆழம் பாருங்கள். 16.5 சென்ரிமீற்றர் மிட்பாஸுக்குப் பொதுவாக 6 முதல் 7 சென்ரிமீற்றர் ஆழம் வேண்டும். பழைய ஸ்பீக்கரை மல்ரிமீற்றரில் அளந்து 3.2 முதல் 3.6 வரை காட்டினால் அது 4 ஓம், 1.5 முதல் 1.8 வரை என்றால் 2 ஓம். நமது உப்புக்காற்றுக்குப் பொலிபுரொப்பிலீன் கோனும் றப்பர் விளிம்பும் உள்ளதே சரி. ஸ்பொஞ்ச் விளிம்பு வெக்கையிலும் ஈரத்திலும் உதிர்ந்துபோகும்.

பலர் கவனிக்காத ஒன்று ட்வீட்டர், அதாவது கீச்சு ஒலிக்கான சிறு ஸ்பீக்கர். கொம்பனி ட்வீட்டரில் தாழ்ந்த ஒலியைத் தடுக்க ஒரு சிறு கப்பாசிற்றர்தான் இருக்கும். அது 4.7 மைக்ரோபரட் என்றால் 4 ஓமில் 8,000 ஹேர்ட்ஸுக்கு மேல்தான் ட்வீட்டர் முழுதாக வேலை செய்யும். 3,000 ஹேர்ட்ஸோடு நின்றுவிடும் மிட்பாஸை அதனோடு சேர்த்தால் நடுவில் பள்ளம் விழும், பாடகரின் குரல் போர்வைக்குள் இருந்து வருவதுபோல இருக்கும். 5,000 ஹேர்ட்ஸ்வரை தெளிவாகப் போகும் ஸ்பீக்கரை எடுங்கள், அல்லது ட்வீட்டரும், ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் கிறொஸ்ஓவரும் சேர்ந்த செற்றாக வாங்குங்கள்.

டொயோட்டாக் கதவுகள் பலவற்றில் பழைய ஸ்பீக்கர் ரிவெட் அடித்துத்தான் இருக்கும். ரிவெட்டின் தலையை மட்டும் 6 மில்லிமீற்றர் பிட்டால் சீவுங்கள். இரும்புத் தூளைக் காந்தத்தால் பொறுக்கி, உள்ளே விழும் துண்டுகளையும் எடுத்த பிறகுதான் புது ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவேண்டும். கடற்கரை மண்ணும் அப்படியே: புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு இல்மனைட் மணல் பலமான காந்தத்துக்கு இழுபடும். சுருளின் இடைவெளிக்குள் ஒரு மணி போனாலே ஸ்பீக்கர் கரகரக்கும். துளை போட்ட ஒவ்வோர் இடத்திலும் சிங்க் பெயின்ற் பூசுங்கள். வெறும் இரும்பு இங்கே கெதியில் கறல் பிடிக்கும்.

ஸ்பீக்கருக்கும் கதவுக்கும் இடையில் வைக்கும் வளையத்துக்கு எம்டிஎப் (மரத்தூள் அழுத்திய) பலகை வேண்டாம், மாரிமழையில் ஊதிவிடும். 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவூட்டில் வெட்டி, பைபர் போட்டுக்குப் பூசும் ரெசினை விளிம்புகள் உட்பட இரண்டு தரம் பூசிக் காயவிடுங்கள். வளையத்துக்கும் கதவுக்கும் இடையில் ஸ்பொஞ்ச் ரேப் ஒட்டி, கறல் பிடிக்காத 5 மில்லிமீற்றர் போல்ற்றுகளால் இறுக்குங்கள்.

இனிக் கதவு. வெளித்தகட்டின் உட்புறத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, அதிர்வை அடக்கும் 2 மில்லிமீற்றர் பியூட்டைல் (ஒட்டும் றப்பர்) சீற்றை மூன்றிலொரு பங்கு பரப்பில் ஒட்டி உருளையால் அழுத்தினால் போதும். தார் சீற் வெயிலில் இளகி வடியும், அதைத் தொடவேண்டாம். உள்தகட்டின் பெரிய ஓட்டைகளுக்கு மேல் பியூட்டைலை மட்டும் ஒட்டினால் அது ஸ்பீக்கரோடு சேர்ந்து படபடக்கும். 1 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டை ஸ்குரு ஆணியால் பூட்டி, அதன்மேல் சீற்றை ஒட்டுங்கள். ஷட்டர் மோட்டர் பழுதானால் இந்தத் தகட்டைக் கழற்றலாம். கொம்பனியின் பிளாஸ்ரிக் உறையை எடுத்திருந்தால், அதன் இடத்தில் ஒரு கசிவும் இல்லாமல் அடைக்கவேண்டும். இல்லையேல் கார்த்திகை மழையில் கால்விரிப்பு நனையும். கதவின் அடியிலுள்ள நீர்த்துளைகளை மட்டும் மறந்தும் மூடாதீர்கள்.

செற்றில் 4×50 (நாலு சனல், 50 வாற்) என்று எழுதியிருந்தாலும் தொடர்ச்சியாக வருவது ஒரு சனலுக்கு 15 முதல் 20 வாற்தான். சனலுக்கு 50 முதல் 75 வாற் தரும், ஸ்பீக்கர் வயரையே நேரே ஏற்கும் ஆம்ப் (ஒலிபெருக்கும் பெட்டி) ஒன்று வையுங்கள். செற்றின் ஸ்பீக்கர் மைனஸை ஒருபோதும் காரின் இரும்புப் பொடியில் எர்த் பண்ணக்கூடாது. அதில் ஏறக்குறைய 6 வோல்ற் நிற்கும், செற்றின் ஐசி எரிந்துபோகும். பியூஸ் பற்றரியிலிருந்து 45 சென்ரிமீற்றருக்குள் இருக்கட்டும். வயர் சுத்தச் செம்பாக இருக்கவேண்டும். செம்பு பூசிய அலுமினியம் உப்புக்காற்றில் முனையிலிருந்தே அரிக்கும். டொயோட்டா அக்குவா போன்ற ஹைபிரிட்டில் 12 வோல்ற் பற்றரி பின்சீற்றுக்குக் கீழே இருப்பதால் வயர் ஓட்டம் குறுகும். ஆனால் உயர் வோல்ற் ஓடும் செம்மஞ்சள் நிறக் கேபிள்களுக்குக் கிட்டவும் போகவேண்டாம்.

ஆம்பில் தாழ்ந்த ஒலியை வெட்டும் ஹைபாஸை 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, செற்றை முக்கால் வொல்யூமில் வைத்து 200 ஹேர்ட்ஸ் ரோன் (ஒரே சுருதி ஒலி) போட்டு ஆம்ப் வெளியீட்டை அளந்து பாருங்கள். 50 வாற், 4 ஓமுக்கு உச்சம் 14 வோல்ற். ட்வீட்டர் இன்னும் செற்றிலேயே ஓடினால் அந்த உச்சத்தில் குரல் அமுங்கிவிடும், அங்கிருந்து காதால் குறைத்துவாருங்கள். ஸ்பீக்கர் வயர்களில் 1.5 வோல்ற் பற்றரியைத் தொட்டுப் பார்க்கும்போது இரண்டு கோனும் ஒரே பக்கம் அசையவேண்டும். ஒன்று மாறியிருந்தால் பாஸ் காணாமல் போகும். கடைசியாக 60 முதல் 300 ஹேர்ட்ஸ்வரை ரோனை மெதுவாக ஓட்டுங்கள். எங்காவது கிலுகிலுத்தால் முதலில் பூட்டுக்கம்பியைச் சந்தேகியுங்கள், துணி ரேப் சுற்றினால் அடங்கும்.