ஸ்னாப்ஷொட் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள்: ஒரே கணினியில் பல இயங்குதளம் ஓட்டுவோர் விடும் தவறுகள்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் இருக்கும் கம்பஸ் தம்பி ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். அதன் சேமிப்பு டிஸ்க்கான எஸ்எஸ்டி பழுதாகிவிட்டது. இறுதியாண்டு புரொஜெக்ட் முழுவதும் வேர்ச்சுவல்பொக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினிபோல வேறு இயங்குதளத்தை ஓட்டும் மென்பொருள்; அந்த உள்கணினியைத்தான் விஎம் என்பார்கள்) ஓடிய உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்குள். "பயமில்லை அண்ணா, விடிஐ ஃபைலைக் கிழமைக்குக் கிழமை பென் ட்ரைவில கொப்பி பண்ணி வச்சிருக்கிறன்" என்றார். என் கணினியில் திறந்து பார்த்தோம். உபுண்டு வந்தது, ஆனால் நாலு மாதத்துக்கு முந்தியது. புரொஜெக்ட் இல்லை.

விடிஐ என்பது விஎம்மின் டிஸ்க் முழுவதும் அடங்கிய ஃபைல். ஸ்னாப்ஷொட் என்பது, பிறகு திரும்பிப் போகலாம் என்று விஎம்மின் அந்நேர நிலையைக் குறித்துவைப்பது. தம்பி நாலு மாதத்துக்கு முன் ஒன்று எடுத்திருந்தார். முதல் ஸ்னாப்ஷொட் எடுத்த கணத்திலேயே அந்த விடிஐ ஃபைல் உறைந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் எழுதுவதெல்லாம் ஸ்னாப்ஷொட்ஸ் என்ற ஃபோல்டருக்குள் தனித்தனி ஃபைல்களாகச் சேரும். ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதில் தொங்குகிறது. சங்கிலியில் ஒன்று போனால் அதற்குப் பிந்தியவை எல்லாம் போச்சு. தம்பி கிழமைதோறும் கொப்பி எடுத்தது அந்த மாறாத பழைய ஃபைலைத்தான். அவர் சோம்பியிருக்கவில்லை என்பதுதான் எனக்கு மனவருத்தம்.

பெரிய அப்டேட் ஒன்றைப் போட்டுப் பார்க்கும் முன் எடுத்து, சரிவந்ததும் அழிக்கத்தான் ஸ்னாப்ஷொட். அதையும் மென்பொருளுக்குள் போய் அழியுங்கள். இடம் போதவில்லை என்று ஃபோல்டரில் கைவைத்து ஃபைலை அழித்தால் விஎம் எழும்பாது. பாதுகாப்புப் பிரதி வேண்டுமென்றால் விஎம்மை முழுதாக நிறுத்தி, அதன் ஃபோல்டர் முழுவதையும் வேறு டிஸ்க்குக்குக் கொப்பி பண்ணுங்கள். அல்லது எக்ஸ்போர்ட் செய்து ஓவிஏ ஃபைலாக வையுங்கள். அதில் இன்றைய நிலை மட்டும் வரும், ஸ்னாப்ஷொட்கள் வராது. பென் ட்ரைவ் ஃபாட்32 ஃபோர்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை அது ஏற்காது, எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கரண்ட். இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம் வரை போனது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் இருண்டது. டெஸ்க்டொப்பில் விஎம் ஓடும்போது கரண்ட் போனால் இரண்டு இயங்குதளமும் ஒருசேர விழும். யூபிஎஸ் தரும் அந்தச் சில நிமிடத்தில் 'சேவ் ஸ்டேட்' (விஎம்மை இருந்த நிலையிலேயே சேமித்து நிறுத்துவது) கொடுத்துவிடுங்கள். விஎம் ஜன்னலை மூடும்போது வரும் 'பவர் ஓஃப்' ஒழுங்காக ஷட்டவுன் செய்வதல்ல. ஓடும் கணினியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்குவதுதான் அது. பலர் நாள்தோறும் அதைத்தான் அமத்துகிறார்கள்.

ராம் விஷயத்தில் பேராசை வேண்டாம். 8 ஜிபி உள்ள மடிக்கணினியில் 6 ஜிபியை விஎம்முக்குக் கொடுத்தால், வெளியே இருக்கும் விண்டோஸ் மூச்சுத்திணறி உள்ளே இருப்பதையும் சேர்த்து இழுத்து விழுத்தும். பாதிக்கு மேல் போகாதீர்கள். சிபியு கோர்களுக்கும் அதே கணக்கு.

புதிய விஎம் உருவாக்கும்போது 64-பிட் இயங்குதளம் பட்டியலிலேயே வரவில்லையென்றால், கணினிக் கடைகள் இருக்கும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குக் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். டாஸ்க் மனேஜரில் சிபியு பக்கத்தில் 'வேர்ச்சுவலைசேஷன்' (விஎம் ஓட்ட சிபியு தரும் வசதி) என்பதற்கு நேரே என்ன இருக்கிறதென்று பாருங்கள். முடக்கப்பட்டிருந்தால் பயோஸுக்குள் (கணினி எழும்பும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரை) போய் இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்பதை இயக்கினால் போதும், காசு செலவில்லை. எல்லாம் சரியாக இருந்தும் விஎம் ஆமை வேகத்தில் ஊர்ந்தால், வேர்ச்சுவல்பொக்ஸ் ஜன்னலின் அடிப்பட்டையில் உண்மையிலேயே ஒரு சின்ன ஆமைப்படம் தெரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸோடு வரும் மைக்ரோசொப்டின் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி பின்னால் ஓடுகிறது என்பதற்கு அடையாளம் அது.

எம்1, எம்2 மக்புக் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சாதாரண இன்டெல் கணினிக்கான உபுண்டு ஐஎஸ்ஓவை (நிறுவும் ஃபைலை) ஐந்தாறு ஜிபி டேட்டா கொடுத்து இறக்கிவிட்டு, ஓடவில்லையே என்று கேட்கிறார்கள். அந்த மக்புக்குகளின் சிப் இன்டெல் அல்ல, ஆர்ம் வகை. ஆகவே அவர்களுக்குத் தேவை ஆர்ம் பதிப்பு. பொத்தானை அமத்தும் முன் பெயரில் 'ஆர்ம்64' என்று இருக்கிறதா என ஒருமுறை பார்த்துவிட்டு இறக்குங்கள்.