நாண் திரிப்பதில் கை தவறும் இடங்கள்

சொந்தமாக வில்நாண் திரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதலில் வரும் பயம், இழுக்கும்போது நாண் அறுந்துவிடுமோ என்பதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. பி-50 டேக்ரான் என்னும் பாலியெஸ்டர் நாண் நூலில் ஓர் இழை சுமார் 50 பவுண்டு தாங்கும். 45 பவுண்டு இழுவிசை உள்ள வில்லுக்கு 14 இழை போட்டால் 700 பவுண்டு. வில்லின் இழுவிசையைப் போல் நான்கு மடங்கு வலு போதும் என்பது வழக்கமான கணக்கு. இங்கே பதினைந்து மடங்கு இருக்கிறது. முதல் நாணைக் குப்பைக்கு அனுப்புவது பெரும்பாலும் முறுக்குத் திசைதான். அதற்கு அடுத்தபடியாக நீளம்.

இங்கே சொல்வது ஃபிளெமிஷ் முறுக்கு எனப்படும் இரு புரி நாண் பற்றி. இழைகளை இரண்டு புரியாகப் பிரித்து, முனைகளில் கயிறு போலத் திரித்து, முடிச்சே இல்லாமல் கண்ணி போடும் முறை. மர வில்லுக்கும், முனைகள் எதிர்ப்புறம் வளைந்த பழைய பாணி ரீகர்வு வில்லுக்கும் இதுவே பொருத்தம்.

நூலில் தொடங்கும் தவறு ஒன்றுண்டு. சிங்கப்பூர் தேக்கா பக்கம் கிடைக்கும் தையல் நூல், நைலான் கயிறு, மீன்பிடி நரம்பு எல்லாம் கையில் உறுதியாகத்தான் தெரியும். ஆனால் நைலான் நீளும். ஒவ்வொரு அம்புக்கும் கொஞ்சம் நீண்டு, வில்லின் விசையைத் தானே விழுங்கிவிடும். மறுகோடியில் இன்னொரு தவறு: டைனீமா போன்ற உறுதியான செயற்கை இழையால் ஆன ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை நூல் வேகமானது என்று கேள்விப்பட்டு அதைப் பழைய மர வில்லில் பூட்டுவது. அந்த நூல் நீளவே நீளாது. அம்பு போனபின் மிஞ்சும் அதிர்ச்சி முழுதும் வில்முனையில் இறங்கும். முனை வலுப்படுத்தப்படாத வில்லில் நாண் மரத்தை வெட்டிக்கொண்டு உள்ளே போகும். வில் அந்த நூலுக்கென்று செய்யப்பட்டதா என்று தெரியாவிட்டால் டேக்ரானே போடுங்கள். 25 முதல் 35 பவுண்டுக்கு 10 இழை, 35 முதல் 45க்கு 12, 45 முதல் 55க்கு 14, அதற்கு மேல் 16.

(நம் வீவக அடுக்குமாடித் தாழ்வாரங்களில் தொட்டிக்குத் தொட்டி நிற்கும் பாம்புச் செடி, ஊரில் மரல் என்று சொல்லும் செடிக்கு நெருங்கிய சொந்தம். மரல் நாரில் நாண் திரித்த காலம் உண்டு. நார் உரித்துப் பார்க்க ஆசையிருந்தால் பாருங்கள். 40 பவுண்டு வில்லில் மட்டும் ஏற்றாதீர்கள்.)

நீளத்துக்கு வருவோம். வில்லில் 66 என்று எழுதியிருந்தால் நாணும் 66 அங்குலம் என்று நினைத்து வெட்டுகிறவர்கள் நிறைய. முடிந்த நாண் வில்லைவிட 3 அங்குலம் குறைவாக, அதாவது 63 அங்குலமாக இருக்க வேண்டும். ஆனால் வெட்டும் இழை அதைவிட நீளம்: வில்லின் நீளத்தோடு சுமார் 18 அங்குலம் கூட்டி 84. இரண்டு முனையிலும் கண்ணி மடித்தபின் நாணோடு சேர்த்துத் திரிக்கும் 8 அங்குல வால், கண்ணிக்கு ஆகும் நூல், முறுக்கில் சுருங்குவது எல்லாம் இதில் அடங்கும். ஏழடிதான், படுக்கையறையிலேயே விரித்துவிடலாம், பொதுத் தாழ்வாரத்தில் குறுக்கே நூல் கட்டி அக்கம்பக்கத்தாரின் காலை இடறவிட வேண்டாம். சந்தேகம் வந்தால் கொஞ்சம் நீளமாகவே விடுங்கள். நீண்ட நாணை முறுக்கேற்றிக் குறைக்கலாம், குட்டையானதை ஒன்றும் செய்ய முடியாது.

இழை முனைகளை ஒரே இடத்தில் நறுக்கிவிடக்கூடாது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட அரை அங்குலம் தள்ளி முடிய வேண்டும். அப்போதுதான் வால் எலிவால் போலச் சிறுத்துக்கொண்டே போய் நாணோடு கரையும். ஒரே இடத்தில் முடிந்தால் அங்கே திடீரென்று ஒரு படி விழும், திரும்பத் திரும்ப வளைவதும் அந்தப் படியில்தான்.

இனி முறுக்கு. இரண்டு புரிகளுக்கும் தேன்மெழுகு பூசுங்கள். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு என்று நிறம் மாற்றி வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். முனையிலிருந்து 8 அங்குலத்தில் இடக்கையால் கிள்ளிப் பிடியுங்கள். உங்களுக்கு எட்ட இருக்கும் புரியை வலக்கை விரல்களால் வெளிப்பக்கமாக, உங்களைவிட்டு விலகும்படி முறுக்குங்கள். முறுக்கு அவிழாமல் அதை மற்றப் புரியின் மேலாக உங்கள் பக்கம் இழுத்துப் போடுங்கள். இடக்கைப் பெருவிரலால் அமுக்குங்கள். இப்போது எட்டப் போன புரிக்கும் அதே வேலை. முறுக்குவது வெளியே, போடுவது உள்ளே. இந்த எதிர்ப்புதான் கயிற்றைப் பிடித்து நிறுத்துகிறது. இரண்டையும் ஒரே திசையில் செய்தால் பார்க்கக் கயிறு போலவே இருக்கும், கையை விட்டதும் பிரிந்துவிடும். ஓர் அங்குலம் திரித்ததும் கையை விட்டுப் பாருங்கள். அவிழ்ந்தால் மேலே போகாதீர்கள்.

ரீகர்வின் மேல் கண்ணிக்கு மூன்றரை அங்குலம், கீழ்க் கண்ணிக்கு இரண்டரை முதல் மூன்று அங்குலம் திரித்து மடியுங்கள். மேல் கண்ணி வில்லின் கையில், அதாவது பிடிக்கு மேலே வளையும் பகுதியில், சறுக்கி இறங்க வேண்டும் என்பதால்தான் அந்தக் கூடுதல் நீளம். மடித்ததும் வெள்ளை வாலை வெள்ளைப் புரியோடும் கறுப்பைக் கறுப்போடும் சேருங்கள். இரண்டு வாலும் ஒரே புரிக்குப் போனால் ஒன்று பருத்து ஒன்று மெலிந்து, இழுவை முழுவதும் மெலிந்ததன் தலையில் விழும். பிறகு வால் தீரும்வரை அதே முறுக்கு.

முதல் கண்ணி எல்லாருக்கும் வந்துவிடும். சிக்கல் இரண்டாவதில். முதல் கண்ணியை ஜன்னல் கிரில்லில் மாட்டி, மறுமுனை வரை இரண்டு புரிகளையும் விரலால் கோதிப் பிரித்து, எந்த இழையும் தொய்யாமல் சமமாக இழுத்துக்கொண்டு தொடங்குங்கள். தொய்ந்த இழை சுமையில் பங்கெடுக்காது. இன்னொன்று, திரும்பி உட்கார்ந்ததில் கை மாறி, முதல் கண்ணிக்கு எதிர்த்திசையில் திரித்துவிடுவார்கள். அந்த நாணுக்கு விமோசனமே கிடையாது. நடுவில் எந்தப் பக்கம் முறுக்கேற்றினாலும் ஒரு கண்ணி இறுகும், மற்றது அவிழும். இரண்டு கண்ணிகளின் கழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரிகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும்.

சரியாகத் திரித்தாலும், இரண்டாம் கண்ணி முடியும்போது நடுப்பகுதியில் எதிர்முறுக்கு சேர்ந்திருக்கும். அப்படியே வில்லில் ஏற்றினால் அது கண்ணியின் கழுத்தை மெல்ல மெல்லப் பிரிக்கும். ஒரு முனையை மாட்டிவிட்டு மறுமுனையைக் கழுத்து இறுகும் திசையில் திருப்புங்கள். முதலில் எதிர்முறுக்கு தீர்ந்து புரிகள் நேராகும். அதன்பின் அதே திசையில் 20 முதல் 30 சுற்று. இதற்குக் குறைந்தால் இழைகள் பிரிந்து நிற்கும், மிக அதிகமானால் நாண் ஸ்பிரிங் மாதிரி துள்ளும்.

வில்லில் ஏற்றக் காலிடுக்கில் வளைக்காமல் நாணேற்றும் கயிற்றைப் பயன்படுத்துங்கள். வில்லின் கை திருகிப்போவது அந்தக் காலிடுக்கில்தான். ஏற்றியபின் பிடியின் ஆழமான இடத்துக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ரீகர்வுக்கு ஏழிலிருந்து எட்டு அங்குலம், நீள்வில்லுக்கு ஆறிலிருந்து ஏழு. குறைந்தால் முறுக்கு கூட்டுங்கள், கூடினால் குறையுங்கள். புதிய டேக்ரான் முதல் ஐம்பது அறுபது அம்புகளில் நீண்டுகொண்டேதான் இருக்கும். அது அடங்குமுன் நடுவே செர்விங், அதாவது அம்பு அமரும் இடத்தில் நாணைக் காக்கும் மேல்சுற்று நூலை, சுற்றினால் பிறகு இடம் மாறிவிடும். அடங்கியபின், அம்பு அமரும் இடத்துக்கு மேலே இரண்டு அங்குலத்தில் தொடங்கிக் கீழே ஐந்து அங்குலம்வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். அடியில் மெழுகு அப்பியிருந்தால் சுற்று வழுக்கும்.

அம்பின் அடிப்பிளவு அந்தச் சுற்றில் மெல்லக் கவ்வி, தலைகீழாகத் தொங்க வேண்டும். நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் விழ வேண்டும். தட்டியும் விழாவிட்டால் மெல்லிய செர்விங் நூலுக்கு மாறுங்கள், இழையைக் குறைக்காதீர்கள். தானே விழுந்தால் அதைவிட மோசம்: இழுக்கும்போது அம்பு நழுவிவிட்டால் வெறும் நாணை விட்டதாகிவிடும், அந்த ஒரு தடவையில் வில் பிளக்கலாம். நாண் எப்படியிருக்கிறது என்று பார்க்க அம்பில்லாமல் இழுத்து விடுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். சோதனையை அம்போடு, வில்வித்தைத் திடலில் வைத்துக்கொள்ளுங்கள். புளோக்கின் கீழ்த்தளம் அதற்கான இடமல்ல.

நம் ஊர்ச் சூட்டைப் பற்றியும் ஒன்று. வெட்டவெளிக் கார் நிறுத்துமிடத்தில் மதியம் முழுக்க வில்லையும் நாணையும் காருக்குள் விட்டுவைத்தால் மெழுகு இளகித் தூசியை இழுத்து அப்பிக்கொள்ளும். மாறாக, குளிரூட்டிய அறையில் சுத்தத் தேன்மெழுகு இறுகி உதிரும்; கொஞ்சம் பைன் பிசின் சேர்த்து உருக்கினால் ஒட்டும். தடவியபின் தோல்துண்டால் சூடேற அழுத்தித் தேய்த்தாலே இழைக்குள் இறங்கிவிடும். லைட்டர் காட்டி உருக்க வேண்டாம். டைனீமா வகை நூல் 150 டிகிரி அளவிலேயே உருகும், தீ நாக்கு அதைவிடப் பல மடங்கு சூடு.