தெரிந்த தொழிலைப் புத்தகமாக்கும்போது செய்யக்கூடாதவை

போன வாரம் கோபிசெட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். பன்னிரண்டு வருடமாகத் தேனீப் பெட்டி வைத்திருக்கிறவர், அதைப் பற்றி எழுதி எடுத்து வந்திருந்தார். எழுத்து நன்றாகவே இருந்தது. "பதிப்பகத்தில் பேசியாச்சுங்கண்ணா, வெள்ளிக்கிழமை கையெழுத்து" என்றார். அந்த ஒப்பந்தத் தாளை வாங்கிப் படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் நான் கையெழுத்துப் போட்ட அதே வாசகம்.

நான் கோவையில் மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவன். விவசாயிகளுக்காக நீர்மூழ்கி மோட்டார் பராமரிப்பு பற்றி எழுதினேன். எழுத்துப்பிழை, அட்டைப்படம் பற்றியெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

எல்லா உரிமையையும் எழுதிக் கொடுப்பது

"சும்மா ஒரு பார்மாலிட்டிங்க" என்றுதான் எனக்கும் சொன்னார்கள். ஒரு பக்கத் தாள், எட்டாயிரம் ரூபாய்க்குக் காசோலை. நூலின் அனைத்து உரிமைகளும், எல்லா வடிவங்களிலும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும் அவர்களுக்கே. அந்தக் காலம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. இந்தியச் சட்டப்படி எழுதியவரின் ஆயுள் முழுக்க, அதற்கு மேலும் 60 ஆண்டு.

பணம்கூடப் பெரிதில்லை. முதல் பதிப்பில் ஒரு படத்தில் ஸ்டார்ட் கெபாசிட்டருக்கும் ரன் கெபாசிட்டருக்கும் பெயர் மாறி அச்சாகிவிட்டது. ரன் கெபாசிட்டர் மோட்டார் ஓடுகிற நேரம் முழுக்க இணைப்பில் இருப்பது. ஸ்டார்ட் கெபாசிட்டர் மோட்டார் கிளம்புகிற சில நொடிக்குத்தான், அதை எடுக்காமல் இணைப்பிலேயே விட்டால் சூடேறி வெடிக்கும். அச்சுக்கு முன் திருத்தத்துக்கு வந்த மெய்ப்பிலேயே குறித்து அனுப்பியிருந்தேன், யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் பதிப்பிலாவது மாற்றுங்கள் என்று கேட்டேன், மூன்றாம் பதிப்பிலும் அதே படம். சரி, சரியான படத்தோடு நானே சின்னதாக ஒன்று போட்டுக்கொள்கிறேன் என்றால் உரிமை எங்களுடையது என்று கடிதம் வந்தது. என் தொழிலில், என் பெயரில், தப்பான படம் இன்றைக்கும் கடையில் விற்கிறது. யாராவது அதைப் பார்த்து ஒயரைக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவைக் கையெழுத்துக்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். என் தாளில் 'காலம் முழுமைக்கும்' என்பது மட்டும் இல்லாதிருந்தால் நான்கு வருடம் முன்பே புத்தகம் என் கைக்குத் திரும்பியிருக்கும்.

அச்சு உரிமையை மட்டும், மூன்று அல்லது ஐந்து வருடத்துக்குக் கொடுங்கள். விற்கிற பிரதிக்கு ராயல்டி கேளுங்கள், விலையில் பத்து சதவீதம் என்பது தமிழில் பரவலாகப் பேசுகிற கணக்கு. மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு உங்களிடமே இருக்கட்டும். தொழில்நூலாக இருந்தால் இன்னொரு வரியும் வேண்டும்: பிழை என்று ஆசிரியர் எழுதிக் கொடுத்தால் அடுத்த அச்சில் திருத்தியே ஆக வேண்டும். இந்த வரிக்கு மாட்டேன் என்கிறவரிடம் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள்.

தம்பியின் தாளில் நான்கு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். ஐந்து வருடத்துக்கும் திருத்தத்துக்கும் ஒத்துக்கொண்டார்களாம், ஒலிநூலுக்குத்தான் இன்னும் இழுபறி.

எடுத்ததும் ஆயிரம் பிரதி

வேண்டாம். பிஓடியில், அதாவது தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாக அச்சிடுகிற முறையில், ஐம்பது போடுங்கள்.

ஐஎஸ்பிஎன் எண்ணுக்குப் பணம் கொடுப்பது

புத்தகத்தை அடையாளம் காட்டுகிற சர்வதேச எண் அது, இந்தியாவில் இலவசம். டெல்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் போதும்.

வாசகருக்கும் தெரியும் என்று நினைப்பது

'டிரை ரன் ஆகாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று முதல் பிரதியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் படித்துவிட்டு, "அது ஆகுதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறதுங்க?" என்றார். கிணற்றில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடினால் ஆம்பியர் மீட்டர் முள் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும், மோட்டாரைக் குளிர வைப்பதே அந்தத் தண்ணீர்தான், உடனே நிறுத்தணும். இருபது வருடப் பழக்கத்தில் இதைச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

இப்போதெல்லாம் எந்தப் பிரதியையும் தொழில் தெரியாத ஒருவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்கிறேன், எங்கே நிற்கிறாரோ அங்கே கோடு. தம்பியின் பிரதியை என் மனைவிதான் வாசித்தார். 'புரூட் சேம்பர்' முதல் பக்கத்திலேயே வந்தது, அங்கேயே நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.