சிங்களப் பார்வையைப் படிக்க எங்கே தொடங்குவது?

இலங்கையை ஆய்வு செய்ய ஆசை, ஆனால் படிப்பதெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் என்றால் பாதிப் படம்தான் கிடைக்கும். முதலில் சிங்கள எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். வினை கடைசியில் வரும் மொழி என்பதால் வாக்கிய அமைப்பு நமக்குப் பழகியதுதான், அந்த வட்ட வட்ட எழுத்துகள்தான் கொஞ்சம் படுத்தும்.

அப்புறம் மகாவம்சம், இலங்கை அரசர்களின் கதையைச் சொல்லும் பழைய பௌத்த வரலாற்று நூல். மூலம் பாலி மொழி, 1912இல் வந்த வில்ஹெல்ம் கெய்கரின் ஆங்கில மொழிபெயர்ப்பு தொடங்கப் போதும். சண்டை போடும் மனநிலையோடு திறப்பவர்கள் 21ஆம் அத்தியாயத்தில் தடுமாறிவிடுவார்கள், ஏனென்றால் கன்றைத் தேரேற்றிக் கொன்ற மகனுக்கு அதே தண்டனை கொடுத்த அரசனாக அங்கே வருவது தமிழ் அரசன் எல்லாளன். நம் மனுநீதிச் சோழன் கதையேதான்! எல்லாளனைப் போரில் கொன்ற சிங்கள அரசன் துட்டகைமுனு அவருடைய நினைவிடத்துக்கு மரியாதை செய்ததையும் அதே நூல் சொல்கிறது.

சரி, ஏடு போதும். கண்டிக்குப் போனால் பத்தினி தேவாலயத்தில் (அங்கே கோயிலுக்கு அப்படித்தான் பெயர்) கொஞ்ச நேரம் உட்காருங்கள், அங்கே சிங்களவர் வணங்குவது நம் கண்ணகியை.