ஃபியட்டா ஹெரால்டா? அடிவாரத்தில் வைத்து முடிவு செய்யுங்கள்

பழைய கார் ஒன்று வேண்டுமென்று சேலம் கோரிமேட்டில் என் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வண்டிகளில் எதை வாங்குவது என்றுதான் கேட்பார்கள். ஒன்று ஃபியட் 1100: இத்தாலிய வண்டி, பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி செய்தது. இன்னொன்று ஸ்டாண்டர்ட் ஹெரால்டு: இங்கிலாந்தின் ட்ரையம்ஃப், 1961 முதல் சென்னையில் செய்தார்கள். பாலிஷ் போட்டு நிறுத்திய இடத்திலேயே விலை பேசாதீர்கள். இரண்டையும் ஏற்காடு அடிவாரத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

முதலில் கீழே குனிந்து பாருங்கள். ஃபியட்டுக்குத் தனி சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், இல்லை; தரைத் தகடும் கதவுக்கடியில் ஓடும் பெட்டியும்தான் பாரம் தாங்குகின்றன. அங்கே காந்தம் ஒட்டவில்லையென்றால் உள்ளே தகடு இல்லை, ஓட்டையை அடைத்த பட்டிப் பூச்சுதான். ஹெரால்டுக்குத் தனி சேஸிஸ் உண்டு, பாடியைப் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். பாடித் தகடு துருப்பிடித்தால் கழற்றி மாற்றலாம். சேஸிஸே அரித்திருந்தால் செலவு கையைக் கடிக்கும்.

ஹெரால்டில் விட்டுவிடக் கூடாத இடம் ட்ரனியன். பானெட்டை முன்பக்கமாகச் சாய்த்தால் முன்சக்கரம் முழுதாகத் தெரியும். அதன் அடியில் உள்ள பித்தளைத் துண்டுதான் ட்ரனியன்; ஸ்டீயரிங் திரும்பும் இரும்பு மரை அதற்குள்தான் இருக்கிறது. அதற்கு கியர் ஆயில் 90 போட வேண்டும். பலர் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கிரீஸ் மரைவரை இறங்காது. தண்ணீர் புகுந்து அந்த இரும்பு துருப்பிடிக்கும். ஒருநாள் வளைவில் திருப்பும்போது ஒடிந்து சக்கரம் மடங்கிவிடும். கிரீஸ் அப்பியிருந்தால், கழற்றிப் பார்க்காமல் மலை ஏற்றாதீர்கள்.

சரி, இனி ஏறலாம். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஃபியட்டுக்கு 1089 சி.சி., ஹெரால்டுக்கு 948. அந்த வித்தியாசம் நாலு பேர் உட்கார்ந்தால் தெரியும். இரண்டிலும் ஃபர்ஸ்ட் கியருக்கு சின்க்ரோ (வண்டி ஓடும்போதே கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) கிடையாது, வளைவுக்கு முன்பே கியரை முடிவு செய்துகொள்ளுங்கள். திருப்புவதில் ஹெரால்டை அடிக்க ஆளில்லை: சுமார் 25 அடி வட்டத்தில் திரும்பிவிடும்.

இறங்கும்போது ஹெரால்டிடம் மரியாதை வேண்டும். பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்ஸிலில், அதாவது ஒவ்வொன்றும் தன் பாதி அச்சோடு சேர்ந்து மேலும் கீழும், ஆடுபவை. நடு வளைவில் ஆக்ஸிலேட்டரைச் சட்டென விட்டால் உள்ளே மடங்கி பின்பக்கம் வழுக்கும். வளைவுக்கு முன் பிரேக், வளைவில் லேசாக ஆக்ஸிலேட்டர். ஃபியட்டின் பின்பக்கம் இப்படிப் பயமுறுத்தாது. அடிவாரம் வந்ததும் நாலு சக்கரத்தருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் கொதித்தால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

குடும்பத்தோடு அடிக்கடி மலைக்குப் போகிறவருக்கு நான் ஃபியட்டைத்தான் சொல்வேன். அதன் வாரிசான பிரீமியர் பத்மினி கார் தொண்ணூறுகளிலும் ஓடியதால் சாமான் கிடைக்கிறது. தானே கையில் ஸ்பேனர் பிடிக்கிறவர், இங்கிலாந்திலிருந்து சாமான் வரும்வரை காத்திருக்கப் பொறுமையுள்ளவர் ஹெரால்டை எடுக்கட்டும். எனக்குப் பிடித்தது அதுதான்.

அப்புறம், அட்வான்ஸ் கொடுக்கும் முன் எஞ்சின் நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிந்தால் அன்றாடம் ஓட்ட அனுமதி இல்லை. எப்படிப் பதிந்திருக்கிறது என்றும் கேளுங்கள்.