எல்எஸ் இன்ஜினில் ராக்கர் பேரிங் உதிராமலிருக்க

ஷெவ்ரலே எல்எஸ் வி8 இன்ஜினில் ராக்கர் ஆர்ம் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) தாங்கிவிடும். காலை வாருவது அதன் நடுவிலுள்ள நீடில் பேரிங்தான் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்). அது முழுச்சுற்று சுற்றுவதில்லை, சில டிகிரி முன்னும் பின்னும் ஆடும், அவ்வளவே. ரேஸுக்காகக் கடினமான வால்வ் ஸ்பிரிங் போட்டால் ஊசிகள் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழும். பிறகு பேரிங் நகர்ந்து, ஊசிகள் ஆயில் பேனுக்குள் கொட்டும்.

16 ராக்கரிலும் பழைய பேரிங்கைப் பிரஸ்ஸால் தள்ளி எடுத்து (சுத்தியல் வேண்டவே வேண்டாம்) வெண்கல புஷ் (உருளையில்லாத வளையம்) உள்ள ட்ரனியன் கிட் போடுங்கள்; ட்ரனியன் என்பது ராக்கர் ஆடும் நடு அச்சு. இருபுறமும் லாக் கிளிப் பள்ளத்தில் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். அசெம்பிளி லூப் (பொருத்தும்போது பூசும் மசகு) தடவி, அந்தந்த சிலிண்டரின் வால்வுகள் மூடிய நிலையில் போல்ட்டை 30 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள். கழற்றிய பழைய பேரிங்கில் ஏற்கெனவே ஊசி குறைந்திருந்தால் ஆயில் பேனைக் கழற்றித் தேடாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.